அம்மன் மூக்கில் ஒரு நட்சத்திரம்

அத்தியாயம் 6

அன்புக்கரசியின் வலது கையில் நட்சத்திரம் ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

நகைக்கடை விளம்பரங்களில் வருகிற நாலு முனை நட்சத்திரம். அதைச் சுற்றி யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘அம்மன் மூக்குத்தியைத் திருடிய கை’ என்று எழுதியிருந்தது.

இதெல்லாம் செல்போன் படத்தில். நேரில் அந்தக் கை புடவை முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. சோப்புத்தூள் அரித்த வெடிப்புகளைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

பீமாராவ் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பாஸில் ஒட்டிய முகத்தையும் பாஸை நீட்டுகிற முகத்தையும் ஒப்பிட்டே பாதி ஆயுள் கழிந்தது.

“இது நீங்கதானாம்மா?”

“நான்தான்னு போட்டிருக்காங்க. என் கல்யாண போட்டோவுல கூட நான் இவ்ளோ செவப்பா இல்ல சார்.”

உண்மைதான். படத்தில் இருந்த அன்புக்கரசிக்கு நரை இல்லை. கன்னம் மைதா மாவு மாதிரி வழவழவென்று இருந்தது. உதட்டில் லேசாகச் சாயம் கூட ஏறியிருந்தது. திருடி என்று ஊருக்கு அறிவிப்பதற்கு முன்னால் யாரோ அவரை உட்கார வைத்து அலங்காரம் செய்திருந்தார்கள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடையின் மாடியில் ஒற்றை அறையில் இயங்கியது மதி துப்பறியும் நிலையம். நடத்துகிறவர் அறிவுமதி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் சொந்த ஊருக்குத் திரும்பியவர். இங்கே கொலை, கொள்ளை அவரைத் தேடி வந்ததில்லை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் வீட்டார் சொன்ன நிலம் இருக்கிறதா என்பவைதான் வந்தன. அவற்றை விசாரிக்க உதவியாளராகக் கூடப் போகிறவர் பீமாராவ். அன்புக்கரசி அந்தக் கட்டடத்தின் மாடிப்படியைப் பெருக்குகிறவர். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அறைக்கு உள்ளே வந்திருந்தார்.

“மொதல்லேர்ந்து சொல்லுங்க,” என்றார் அறிவுமதி.

“மொதலு இன்னா இருக்குது மேடம். விடியக்காலைல எல்லையம்மன் கோயிலுக்குப் போனேன். மண்டபத்தக் கழுவி உட்டேன். வூட்டுக்கு வந்து சோறு வடிச்சினு இருக்கேன், தெருவே வந்து வாசல்ல நிக்குது. மூக்குத்தியக் குடுன்றாங்க.”

மேட்டுத்தெரு எல்லையம்மன் கோயில் சின்னது. அம்மனின் சிவப்புக்கல் மூக்குத்தி கோயிலைவிடப் பழையது என்று சொல்வார்கள். ஆடி வெள்ளி என்பதால் இன்று காலை குளிப்பாட்டும்போது பூசாரி அம்மனின் மூக்கில் கை வைத்தார். மூக்கு வெறுமையாக இருந்தது. ஆனால் விடியற்காலையில் விளக்கேற்றியதும் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்ட படத்தில் மூக்குத்தி பளபளவென்று இருக்கிறது. அந்தப் படத்துக்கும் பூசாரியின் கைக்கும் இடைப்பட்ட நேரத்தில் கோயிலுக்குள் இருந்தது அன்புக்கரசி ஒருவர்தான். போதாததற்குக் கோயில் கேமராவில் பதிந்த உருவத்தில் அவர் கையில் ஏதோ மின்னுகிறது.

“கர்ப்பகிரகத்துக்குள்ள போனீங்களா?”

“படியத் தாண்ட என்ன எப்ப மேடம் உட்டாங்க? கழுவறதெல்லாம் படிக்கு இந்தப் பக்கந்தான். அந்தப் பக்கம் எங்க ஆளுங்க யாருமே போனதில்ல. இப்ப திருடறதுக்கு மட்டும் போயிட்டேன்றாங்க.”

பீமாராவ் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

“போலீஸ்ல சொல்லிட்டாங்களா?”

“தர்மகர்த்தா ஐயா கெளம்பினாரு. ராகு காலம்னு அவங்க வூட்டம்மா தடுத்துட்டாங்க. பன்னெண்டு மணிக்கு மேலதான் போவாராம்.” அன்புக்கரசி முந்தானையை விட்டார். “ஸ்டேஷன்ல உக்கார வைக்கட்டும் மேடம், உக்காரறேன். எம்பொண்ணு அனு விழுப்புரத்துல நர்சிங் படிக்கிறா. அவ போனுக்கே இந்த போட்டோ போயிருக்குது. போன் பண்ணி, அம்மா இன்னா இதுன்னா. அப்புறம் ஒரு வார்த்த பேசல. நான் அலோ அலோன்னு கத்தினே இருக்கேன்.”

அறிவுமதி கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ராகு காலம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

“அப்ப ராகு காலம் முடியற வரைக்கும் நமக்கு நல்ல நேரம்,” என்று எழுந்தார். படத்தை விரல்களால் பெரிதாக்கி பீமாராவிடம் நீட்டினார். “அண்ணா, மூக்குத்தி எத்தனை காணாமப் போச்சு?”

“ஒண்ணுதான் மேடம்.”

“இதுல மூணு இருக்கு.”

பீமாராவ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். கையில் ஒரு நட்சத்திரம். வாளியின் விளிம்பில் ஒன்று. மேலே தொங்கும் மணியின் நாக்கில் இன்னொன்று. சிவப்பு வட்டம் ஒன்றுக்கு மட்டும்தான் போட்டிருந்தார்கள் என்பதால் மற்ற இரண்டையும் யாரும் பார்க்கவில்லை.

“அப்ப வாளியையும் மணியையும் விசாரிக்காம உட்டது அநியாயம்,” என்றார்.

* * *

கோயிலின் வாட்ஸப் குரூப்புக்கு அட்மின் இளவரசன். பஜாரில் செல்போன் கடை வைத்திருந்தான். பீமாராவின் மொபெட் அங்கே போய் நின்றபோது கடையில் கூட்டமில்லை. ராகு காலத்தில் புது போன் வாங்குகிறவர்கள் செஞ்சியில் குறைவு.

அறிவுமதி அலங்காரப் படங்களைப் பற்றிக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது.

“அது நம்ம சேவைக்கா. காலைல வெளக்கு ஏத்தினதும் போட்டோ போட்ருவேன். பெங்களூர்ல இருக்கறவங்க, துபாய்ல இருக்கறவங்க எல்லாம் அம்மன் மொகத்துலதான் முழிக்கிறாங்க. ஒரு நாள் லேட்டானாலும் போன் மேல போன்.”

“எடுக்கறத அப்படியே போட்ருவியா?”

இளவரசன் அவமானப்பட்டவன்போலப் பார்த்தான். “அப்படியே யாருக்கா போடுவா? உள்ள ஒரே இருட்டு. எண்ண வெளக்கு. கம்பிக்கு வெளிய நின்னு எடுக்கணும். அப்படியே போட்டா கருப்பா ஒண்ணு நிக்கும், அவ்ளோதான். சாமி குத்தம் ஆயிராது?”

அவன் போனைத் திறந்து காட்டினான். மாதக்கணக்கில் உழைத்து அவனே சேர்த்து வைத்த செட்டிங் அது. ஒரு தொடுதல் போதும். இருட்டு விலகும், புள்ளி புள்ளியாகத் தெரிவது வழவழப்பாகும், குங்குமம் இன்னும் சிவக்கும்.

“அப்புறம் எங்கெல்லாம் பளபளப்பு இருக்குதோ, அங்க அதுவே ஒரு ஸ்டார் வச்சிரும். நகையெல்லாம் சும்மா ஜொலிக்கும்.”

“அன்புக்கரசி போட்டோவும் நீ எடுத்ததா?”

“கேமரா டிவில ஓடினத என் போன்ல புடிச்சேன். தர்மகர்த்தா ஐயாதான் புடிக்கச் சொன்னாரு. மங்கலா இருந்துச்சுக்கா, ஆளே தெரியல. கொஞ்சம் தெளிவு பண்ணேன்.”

“எப்படித் தெளிவு பண்ண?”

“அதான், இந்த செட்டிங்…”

அவன் நிறுத்தினான்.

“கைப்பழக்கம்க்கா,” என்றான் கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

“தம்பி, நீ பண்ணது தெளிவு இல்ல. ஃபேஷியல்,” என்றார் பீமாராவ்.

“எடிட் பண்ணாத படம் இருக்கா?” என்று அறிவுமதி கேட்டார்.

“போன்ல எடம் இல்லக்கா. முடிஞ்சதும் பழச அழிச்சிருவேன். செல்போன் கடக்காரன் போன்லதான் எப்பவும் எடம் இருக்காது. கேமராவுல போய்ப் பாத்தாலும் மண்டபம்தான், அதுவும் மங்கலாத்தான் தெரியும்.”

“கடையச் சாத்திட்டு வா.”

“ராகு காலத்துலயாக்கா?”

“தொறந்து வச்சி இன்னா வித்த இதுவரைக்கும்?” என்றார் பீமாராவ்.

* * *

தர்மகர்த்தா துரைக்கண்ணு கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வியர்வை. சுற்றிலும் ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்ற வந்த பெண்கள் பாத்திரங்களோடு நின்றார்கள். கூழைவிடச் சூடான செய்தி இருந்ததால் யாரும் அடுப்பு மூட்டவில்லை. பூசாரி வீராசாமி தூணில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்புக்கரசி வாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அறிவுமதி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். துரைக்கண்ணு கேட்டுவிட்டு, கையால் ஒதுக்கினார்.

“துப்பறியறதுக்கு இதுல இன்னாம்மா இருக்குது? போட்டோவே இருக்குது. மனுசன் பொய் சொல்லுவான், போட்டோ சொல்லுமா?”

“அதப் பார்க்கத்தான் வந்தேன் ஐயா. உங்கள ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?”

இந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. காலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். இளவரசன் எடுத்தான். அறிவுமதி சொன்னபடி, தினமும் அம்மன் படத்துக்குச் செய்கிற அதே ஒரு தொடுதலைச் செய்தான்.

போன் கை மாறிப் பெண்களிடம் போயிற்று. முதலில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு அவளுக்குப் பக்கத்தில் நின்றவள். பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது.

துரைக்கண்ணு போனை வாங்கிப் பார்த்தார். படத்தில் அவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது. முன்பல்லின் தங்கக் கட்டில் ஒரு நட்சத்திரம். வியர்த்த மூக்கின் நுனியில், எடுப்பாக, இன்னொரு நட்சத்திரம்.

“ஐயா, மூக்குத்தி உங்ககிட்டதான் இருக்குது,” என்றார் பீமாராவ், டிக்கெட் கேட்கிற குரலில்.

அன்புக்கரசியின் கையில் மின்னியது ஈரம் என்பது இப்போது எல்லோருக்கும் புரிந்தது. இளவரசன் தலையைக் குனிந்துகொண்டான். யாரோ, “பாவம், அவள இன்னா பாடு படுத்திட்டாங்க,” என்றார்கள். காலையில் அவர் வீட்டு வாசலுக்கு வந்த குரல்களில் அதுவும் ஒன்று.

ஆனால் துரைக்கண்ணு சாமானியர் அல்ல. கோர்ட்டில் பல வருடம் நின்று பழகியவர். மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“சரி. ஸ்டார மெஷின் வச்சிதுன்னே வச்சிக்குவோம். அப்ப காலைல அம்மன் மூக்குல இருந்த ஸ்டாரும் மெஷின் வச்சதுதானே? காலைல மூக்குத்தி இருந்துதுன்றதுக்கும் சாட்சி இல்ல. நேத்தே போயிருக்கலாம், முந்தாநேத்தே போயிருக்கலாம். இவன் தெனம் தெனம் ஸ்டார் வச்சி மறச்சிருக்கான். ஆனா மூக்குத்தி போனது போனதுதானே? தெனமும் இங்க வந்து தனியா நின்னு கழுவறது யாரு?”

எல்லாத் தலைகளும் மறுபடி வாசல் பக்கம் திரும்பின.

அவர் கேட்டதில் தப்பே இல்லை என்பதைப் பீமாராவ் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சந்தேகிக்கப்பட்ட அன்புக்கரசி, அவர்கள் வந்து உதவி செய்ததில், வாரம் முழுவதற்கும் சந்தேகிக்கப்படுகிறவராக உயர்ந்திருந்தார்.

“மேடம், நாம வராமலே இருந்திருக்கலாமோ?” என்று அறிவுமதியின் காதோரம் கேட்டார்.

அறிவுமதி இளவரசனின் போனை வாங்கி, குரூப்பில் அவன் போட்ட படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். இன்றைய அம்மன். நேற்றைய அம்மன். புதன், செவ்வாய். ஒரு இடத்தில் விரல் நின்றது. முன்னால் தள்ளினார், மறுபடி பின்னால் தள்ளினார்.

“பூசாரி ஐயா, அம்மனுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?”

“எடது பக்கம்மா.”

“மூக்கு நுனியில இல்லையே?”

“நுனில யாரும்மா குத்துவாங்க?”

அறிவுமதி போனைப் பீமாராவிடம் கொடுத்தார். “எல்லாரும் நட்சத்திரம் இருக்கா இல்லையான்னுதான் பார்த்தோம். எங்க இருக்குன்னு பார்க்கல. போன வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் பாருங்க. இடது பக்கம், மூக்கோரம். சனிக்கிழமை?”

பீமாராவ் பார்த்தார். “நுனிக்கு வந்துட்டுது.”

“இன்னிக்கு வரைக்கும் நுனிதான். செட்டிங்குக்குக் கல்லும் தெரியாது, தங்கமும் தெரியாது. அந்த மூக்குல எது அதிகமா பளபளக்குதோ அதுமேல நட்சத்திரம் வைக்கும். மூக்குத்தி இருந்தவரைக்கும் அதுமேல வச்சுது. அது போனதும் சிலையில தடவின எண்ணெய் மேல வைக்குது. வெள்ளி காலைக்கும் சனி காலைக்கும் நடுவுல மூக்குத்தி போயிருக்கு.”

துரைக்கண்ணு போனை வாங்கிப் பார்த்தார்.

“அன்னிக்கு இன்னா நடந்துது?” என்று அறிவுமதி பூசாரியைக் கேட்டார்.

“சந்தனக்காப்பு,” என்றார் வீராசாமி. தூணிலிருந்து நிமிர்ந்தார். “போன வெள்ளி சாயங்காலம் சாத்தனோம். மூக்குத்தியக் கழட்டி, மேலெல்லாம் சந்தனம் அப்பி, சந்தனத்துலயே மொகம் புடிச்சி, வெள்ளிக் கண்மலர் ரெண்டையும் மூக்குத்தியையும் சந்தனத்து மேல வச்சேன். நான் வச்சேம்மா, சத்தியமா. ஈரச் சந்தனம். உழுந்துடப் போவுதுன்னு மூக்குத்திய நல்லா அமுக்கி உட்டேன்.”

“எடுத்தது யாரு?”

“சனிக்கெழம அமாவாச. நான் மேல்மலையனூருக்கு மொத பஸ்ஸே ஏறிட்டேன். மருமவன்தான் சந்தனத்தக் கலைச்சான்.”

மருமகனைப் போனில் பிடித்தார்கள். அவன் குரல் எல்லோருக்கும் கேட்டது. “கண்மலர் ரெண்டையும் எடுத்துப் பொட்டில வச்சேனே மாமா. மூக்குத்தியா? சந்தனத்து மேல அப்படி எதுவும் கண்ணுக்குத் தெரியலையே. அந்த இருட்டுல, அது சிலையிலயே இருக்குதுன்னு நெனச்சேன். ஏன் மாமா, இன்னா ஆச்சு?”

வீராசாமி போனை அணைத்தார். “நான் அமுக்கனது உள்ள போயிருச்சு,” என்றார் மெதுவாக.

“திரும்பி வந்து நீங்க பார்க்கலையா?”

“பாத்தேம்மா. மத்த நாள்ல மாலையும் வெளக்கும்தான், மொகத்துல கை படாது. வெள்ளிக்கெழமதான் குளிப்பாட்டறது. எனக்குக் கண்ணுல பொற. ஆடி முடிஞ்சி ஆப்பரேசனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. உள்ள ஒண்ணும் சரியாத் தெரியாது. அதான் குரூப்ல வந்த போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தேன். ஜொலிச்சிது.”

“எதிர்ல அம்மனே நிக்குது. இவரு போன்ல பாத்திருக்காரு,” என்றார் பீமாராவ்.

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கம்பிக்கு முன்னால் நின்று கும்பிட்டவர்கள் அவர்கள்.

“கலைச்ச சந்தனம் எங்க?”

“உருட்டிப் பிரசாதமாக் குடுத்துருவோம். காயவச்சி பூஜைல வச்சிப்பாங்க.”

“எங்க வூட்ல இருக்குது,” என்றாள் ஒருத்தி. “எங்க வூட்லயும்தான்.” “நாங்க நெத்திக்கு இட்டுத் தீத்துட்டோமே.” தெரு முழுக்க வீடு வீடாகச் சந்தன உருண்டை இருப்பது தெரியவந்தது. எத்தனை பூஜை அறைகளின் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று பீமாராவ் கணக்குப் போடத் தொடங்கினார்.

“எல்லார் வீட்டுக்கும் போக வேணாம்,” என்றார் அறிவுமதி. “காலுல இருந்த சந்தனம், தோள்ல இருந்த சந்தனம் எல்லாம் நமக்கெதுக்கு? மூக்கு யாருக்குப் போச்சு?”

வீராசாமி தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து மறுபடி தோளில் போட்டார்.

“மொகத்துச் சந்தனம் எல்லாருக்கும் தர்றதில்லம்மா.”

“யாருக்குத் தருவீங்க?”

பெண்கள் பாத்திரங்களைப் பார்த்தார்கள். இளவரசன் வேப்பமரத்தைப் பார்த்தான். பதில் வாசலுக்கு வெளியிலிருந்து வந்தது.

“அது மரியாத மேடம்,” என்றார் அன்புக்கரசி. “மொகத்துச் சந்தனம் தர்மகர்த்தா வூட்டுக்குத்தான் போவணும். பங்காளிங்க எங்களுக்குன்னு கேட்டாங்க. ஐயா கோர்ட்டு வரைக்கும் போயி, வேற யாருக்கும் ஒரு கிள்ளு கூடப் போவக்கூடாதுன்னு ஜெயிச்சினு வந்தாரு.”

பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. துரைக்கண்ணு எழுந்திருந்தார்.

* * *

அவர் வீடு கோயிலுக்கு அடுத்த வீடு. பூஜை அறையில் வெள்ளிக் கிண்ணத்தில் இருந்தது உருண்டை. எலுமிச்சம்பழம் அளவு, காய்ந்து இறுகி, மேலே குங்குமத்தோடு. துரைக்கண்ணு அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

“இத நான் ஒடைக்க மாட்டேன். இது அம்மன் மொகம்.”

“ஒடைக்க வேணாம் ஐயா. தண்ணியில போடுங்க,” என்றார் அறிவுமதி.

அவர் மனைவி பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். உருண்டை உள்ளே போயிற்று. அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கூடத்தில் இருந்தவர்களும் ஜன்னலில் தொற்றியிருந்தவர்களும் ஒரு சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்புக்கரசி நிலைப்படி ஓரமாக நின்றார்.

சந்தனத்துக்கு அவசரம் தெரியாது. முதலில் குங்குமம் கலைந்தது. தண்ணீர் மஞ்சளாயிற்று. வீடு முழுக்க வாசனை பரவியது. சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. ராகு காலம் முடிந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போவதைப் பற்றி யாரும் நினைவுபடுத்தவில்லை.

“திண்டிவனம் ரயில்வே கேட்டுல கூட நான் இவ்ளோ நேரம் நின்னதில்ல,” என்றார் பீமாராவ்.

துரைக்கண்ணு சட்டைக் கையை மடித்துவிட்டுச் சொம்புக்குள் விரலை விட்டார். சந்தனக் குழம்பில் துழாவினார். துழாவிய கை திடீரென்று நின்றது. நின்ற கையை அவர் உடனே வெளியே எடுக்கவில்லை. சொம்புக்குள் கை விட்டபடியே, கோர்ட்டில் ஒரு புது எதிராளி வந்து சேர்ந்ததுபோலக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ஐயா, மரியாதைய வெளிய எடுங்க,” என்றார் பீமாராவ்.

எடுத்தார். உள்ளங்கையில், மஞ்சள் குழம்புக்கு நடுவில், சிவப்புக்கல் மூக்குத்தி.

ஜன்னலில் குலவைச் சத்தம் எழுந்தது. வீராசாமி கும்பிட்டார். துரைக்கண்ணுவின் முகமும் மெல்லத் தேறிவந்தது.

“ஆத்தா எங்க வூட்டுக்கே வந்து குந்திட்டா பாருங்க! ஆடி மாசம் நம்ம வூட்ல தங்கணும்னு அவளுக்கு ஆச. எல்லாம் அவ வெளையாட்டு. டேய் இளவரசா, ஒரு போட்டோ எடுத்துப் போடுடா.”

இளவரசனின் கை தன்னால் போனை உயர்த்தியது. அறிவுமதி அவனைப் பார்த்தார். கை இறங்கியது.

“போட்டோ வேணாங்க,” என்றார் அன்புக்கரசி. சத்தம் போடவில்லை. ஆனால் குலவை நின்றுவிட்டது. “போட்டோவுல மூஞ்சி வேற மாதிரி வருது. பேசிப் போடுங்க. குரூப்புல, உங்க கொரல்ல.”

“சாயங்காலம் போடறேன்மா. மொதல்ல அம்மனுக்குச் சாத்திட்டு…”

“காலைல என் போட்டோவ ராகு காலத்துல போட்டீங்க. இப்ப ராகு காலமும் இல்லையே.”

துரைக்கண்ணு தன் மனைவியைப் பார்த்தார். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அறிவுமதி கைகட்டி நின்றார். தர்மகர்த்தா போனை வாய்க்கு அருகில் பிடித்து, தொண்டையைச் செருமினார்.

“பக்த கோடிகளுக்கு வணக்கம். அம்மன் அருளால் மூக்குத்தி கிடைத்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.”

“எங்க கெடச்சிதுன்னு சொல்லல,” என்றார் அன்புக்கரசி.

அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். “அம்மன் மூக்குத்தி சந்தனப் பிரசாதத்தில் தவறுதலாகச் சேர்ந்து…”

“யாரு வூட்டுச் சந்தனம்?”

மூன்றாவது தடவை அவருக்கு மேடைத் தமிழ் தீர்ந்துபோயிருந்தது. சாதாரணமாக, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி பேசினார். பேசி முடித்து, அன்புக்கரசியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். துரைக்கண்ணு பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்தார். குரல் குரூப்புக்குப் போயிற்று.

கூடத்தில் இருந்தவர்கள், ஜன்னலில் இருந்தவர்கள், வாசலில் நின்றவர்கள் எல்லோரும் அந்தக் குரூப்பில் இருப்பவர்கள். முதலில் இளவரசனின் போன் கிணுகிணுத்தது. பிறகு பூசாரியின் மடியில். பிறகு ஜன்னலில், வாசலில், எதிர் வீட்டில். நேரில் கேட்டதைப் போனிலும் ஒரு தடவை கேட்டால்தான் அவர்களுக்கு நம்பிக்கை வரும்போலிருந்தது. ஒருவர் பின் ஒருவராகத் தொட்டார்கள்.

“நான் துரைக்கண்ணு பேசறேன். மூக்குத்தி எங்க வூட்ல இருந்துது. நான்தான் எடுத்துனு வந்தேன். அன்புக்கரசி எடுக்கல. அவ எடுத்தான்னு நான் சொன்னது தப்பு.”

ஒரு போனில் அது முடிவதற்குள் இன்னொன்றில் தொடங்கியது. “நான்தான் எடுத்துனு வந்தேன்,” என்றது ஜன்னல். “நான்தான்,” என்றது வாசல். தெருக்கோடியில் யாரோ சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டார்கள். துரைக்கண்ணு, உள்ளங்கையில் மூக்குத்தியை வைத்துக்கொண்டு, தன் குரல் வீடு வீடாக ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

கடைசிப் போன் ஓயும்வரை அன்புக்கரசி நகரவில்லை. பிறகு தெருவில் இறங்கிச் செருப்பை மாட்டினார். அப்போது அவர் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அனு. எடுத்துக் காதில் வைத்தார்.

“கேட்டியாடி?” என்றார்.

மறுமுனை பேசிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டபடி வெயிலில் மெதுவாக நடந்து போனார்.